செங்கல்லில் இருப்பது யாருடைய பெயர்?

ஆகஸ்ட் 22 நெருங்கினால் சென்னையில் பாரம்பரிய நடைகள் தொடங்கிவிடும். 1639-இல் இதே நாளில்தான் இந்தக் கடற்கரைத் துண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கில் 2004 முதல் 'மெட்ராஸ் தினம்' கொண்டாடப்படுகிறது. ஜார்ஜ் டவுன், எழும்பூர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று விடியற்காலையில் ஒரு கூட்டம் நடக்கும். சிவப்புச் செங்கல் வளைவுகளையும், மாடத்தைத் தாங்கும் சுதைப் பூக்களையும், மரத்தூண்களையும் படம் எடுக்கும். மாலைக்குள் அவை இன்ஸ்டாகிராமில் வந்துவிடும்.

நம் தோழர்களில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. "வெள்ளைக்காரன் கட்டடத்தையும் அக்கிரகாரத்துத் திண்ணையையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில் பெரிய இழப்பு இருக்கிறது. அந்தச் சுவர்களைக் கட்டியது கவர்னர்களோ துபாஷிகளோ இல்லை. மண் மிதித்தவரும், கல் அறுத்தவரும், சுண்ணாம்பு சுட்டவரும், தலையில் சுமந்து ஏறிய பெண்ணும் கட்டினார்கள். அந்த வேலையின் அழகை நாம் பார்க்க மறுத்தால், அவர்களை வரலாற்றிலிருந்து நீக்கியவர்களின் வேலையை நாமே முடித்துக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

ஒரு சுவரை எப்படிப் படிப்பது?

பழைய வீடொன்றில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். ஒரு வரிசையில் செங்கற்களின் நீளப்பக்கம் தெரியும். அடுத்த வரிசையில் தலைப்பக்கம் மட்டும் தெரியும். இதை இங்கிலீஷ் பாண்ட் என்பார்கள். ஒரே வரிசையில் நீளம், தலை, நீளம், தலை என்று மாறி மாறி வந்தால் அது பிளெமிஷ் பாண்ட். கண்ணுக்கு இது கோலம் போலத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக வந்துவிட்டால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்த மாற்று அடுக்கு. சுவரின் உறுதியும் அழகும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன.

ஜன்னலுக்கு மேலுள்ள வளைவைப் பாருங்கள். அங்கே இரும்பு இல்லை, கான்கிரீட் உத்தரம் இல்லை. ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லின் மேல் சாய்ந்து நிற்கிறது. மேலே வரும் பாரம் அவற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. கூரைக்குக் கீழே பல்வரிசை போல ஒன்று விட்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும் கற்களைப் பாருங்கள். சுவரில் உள்ள அதே செங்கல்தான் அங்கேயும் இருக்கிறது. கூடுதல் பொருள் ஏதும் சேரவில்லை. கொஞ்சம் முன்னே தள்ளி, கொஞ்சம் கோணலாகத் திருப்பி வைத்ததில் நிழல் விழுகிறது, சுவருக்கு உயிர் வருகிறது. ஒரு கையின் திறமைதான் அங்கே அலங்காரமாக மாறியிருக்கிறது.

இந்தத் திறமையை எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் முழுதாக எழுத முடியாது. வரைபடம் வளைவின் அளவைச் சொல்லும். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எந்தக் கல் சரியாக வெந்தது, எதைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும், எதை ஓரமாகப் போட வேண்டும் என்பதெல்லாம் கையில் இருக்கும் அறிவு. இந்தச் சமூகம் அந்த அறிவை அறிவு என்று ஒப்புக்கொண்டதே இல்லை. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கியது என்று அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். கல்லில் செதுக்குகிறவர், மரத்தில் செதுக்குகிறவர், கரண்டி பிடிக்கிறவர், மண் குழைக்கிறவர் என்று கட்டட வேலைக்குள்ளேயே அந்த அடுக்கைப் பார்க்கலாம். மண்ணுக்கு எவ்வளவு அருகில் கை இருக்கிறதோ அவ்வளவுக்கு மரியாதை குறைவு.

சூளை என்ற ஊர்

பாரம்பரிய நடைகளில் பெயர்களுக்குக் குறைவிருக்காது. உயர் நீதிமன்றம் என்றால் ஹென்றி இர்வின். விக்டோரியா பொது மண்டபம் என்றால் ராபர்ட் சிஷோம். இரண்டையும் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. கணித மேதை ராமானுஜன் தன் கடைசி நாட்களைக் கழித்தது அவருடைய சேத்துப்பட்டு வீட்டில்தான் என்ற செய்தியும் கிடைக்கும். வரைந்தவருக்குப் பெயர் உண்டு, ஒப்பந்தம் எடுத்தவருக்குப் பெயர் உண்டு, திறந்து வைத்தவருக்குக் கல்வெட்டே உண்டு. செங்கல் அறுத்தவருக்கு?

அவர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சென்னையில் சூளை என்றொரு பகுதி இருக்கிறது, சூளைமேடு என்றொரு பகுதி இருக்கிறது. மதுரையில் காளவாசல் இருக்கிறது. தினமும் பேருந்தில் கடந்து போகிறோம், அவை சூளைகளின் பெயர்கள் என்று யோசிப்பதில்லை. நகரம் வளர வளரச் சூளைகள் வெளியே தள்ளப்பட்டு, இன்று திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் எரிகின்றன. உயர் நீதிமன்றத்தைச் சுற்றிக் காட்டும் நடைகள் உண்டு. சூளையில் நின்று 'இந்த நகரத்தை வேகவைத்த இடம் இது' என்று சொல்லும் நடையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கத்தில் ஒரு பள்ளம், அதற்குள் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள். அது சூளை முதலாளியின் பெயர்ச் சுருக்கம். அச்சில் மண்ணை அடித்து, மட்டம் தட்டி, கவிழ்த்து, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை குனிந்து நிமிர்ந்த பெண்ணின் கையால்தான் அந்த எழுத்தும் பதிகிறது. தன் உழைப்பின் மேல் இன்னொருவர் பெயரைத் தானே பொறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்களைக் கண்டு நாம் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். அங்கே கிடைத்த செங்கல் கட்டுமானத்தைக் காட்டித் தமிழர் நகர நாகரிகம் என்கிறோம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செங்கல்லுக்குக் கிடைக்கும் மரியாதையில் சிறு பங்காவது நேற்றுச் செங்கல் அறுத்தவருக்குக் கிடைக்க வேண்டாமா?

மேலே ஏறியவர்கள்

ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்கள் குத்துவாட்டில், சாய்கோணத்தில், பாய் முடைந்ததுபோல் அடுக்கப்பட்டிருக்கும். இதுதான் 'மெட்ராஸ் டெரஸ்'. இந்த நகரத்தின் பெயரையே தாங்கிய கட்டுமான முறை. நாடு முழுக்கப் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தச் செங்கல் அடுக்குக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளி எழும் அளவுக்குத் தளம் இறுகும்வரை அடி நிற்காது. வரிசையாக உட்கார்ந்து, பாட்டின் தாளத்துக்கு அடித்துக்கொண்டே நகர்ந்தவர்கள் பெண்கள்.

மழைநீர் இறங்காமல் நூறாண்டு நிற்கும் தளம் அந்த அடியில் உருவானது. பளிங்கோடு போட்டி போடும் என்று வெளிநாட்டுப் பயணிகள் வியந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சும் கடற்கரையில் பொறுக்கிச் சுட்ட கிளிஞ்சலிலிருந்து வந்ததுதான். பொறுக்கியவர், சுட்டவர், அரைத்தவர், தேய்த்து மெருகேற்றியவர் எவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்றும் கட்டட வேலையில் ஆணுக்குப் 'பெரியாள்' என்றும் பெண்ணுக்குச் 'சித்தாள்' என்றும் பெயர். சிறிய ஆள். சொல்லிலேயே கூலி ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பெரியாளாக வந்த ஆண், சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகலாம். பெண் இருபது வருடம் கலவை சுமந்தாலும், கலவையின் பதத்தைக் கொத்தனாரைவிட நன்றாக அறிந்திருந்தாலும் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்கிறார். தலித் பெண் என்றால் சாதியும் பாலினமும் சேர்ந்து அவர் கையிலிருந்து கரண்டியைத் தள்ளி வைக்கின்றன. பழைய கட்டடத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் எப்படிக் கடக்கிறார்கள்?

முன்பக்கமும் பின்பக்கமும்

பழைய தெருக்களின் அழகை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் திண்ணை, சுதைக் கிளிகள், வேலைப்பாடுள்ள கதவு. திண்ணையை 'வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த விருந்தோம்பல்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த வழிப்போக்கருக்கு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பின்பக்கத்தில் ஒரு குறுகிய சந்து. சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒரு சிறு திறப்பு. அது எடுப்புக் கக்கூஸிலிருந்து மலத்தை வெளியே இழுப்பதற்கு வைத்த வழி. அள்ளுகிறவர் வீட்டுக்குள் வராமல், வீட்டாரின் கண்ணில் படாமல் வேலை முடிய வேண்டும் என்பதற்காகத் திட்டமிட்டுக் கட்டியது. அதுவும் ஒரு கட்டடக்கலைக் கூறுதான். முன்வாசல் வளைவைக் கட்டிய அதே செங்கல், அதே சுண்ணாம்பு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. அந்தத் திறப்புகள் பலவும் இன்று அடைக்கப்பட்டிருக்கும். அடைத்த தடத்தைக் காட்டிப் பேசுகிற நடைதான் உண்மையான பாரம்பரிய நடை.

தெருக்களின் அமைப்பிலும் சாதி இருக்கிறது. 'கறுப்பர் நகரம்' என்று ஆங்கிலேயர் அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனில், 1707-08 வாக்கில் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் மோதல் வெடித்தது. பெத்தநாயக்கன்பேட்டை ஒரு தரப்புக்கு, முத்தியால்பேட்டை மறு தரப்புக்கு என்று கம்பெனி தெருக்களைப் பிரித்துக் கொடுத்தது. நாம் ரசிக்கிற தெருவின் கோடு சாதியின் கோடாகவும் இருந்திருக்கிறது.

அலங்காரம் யாருக்கு மறுக்கப்பட்டது?

இப்போது நம் தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். வயிற்றுப்பாடே பாடாக இருக்கும்போது சுவரின் அலங்காரத்தைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?

அலங்காரம் நமக்குத் தடை செய்யப்பட்டிருந்தது என்பதால் பேச வேண்டும். கிராமத்தில் தீண்டப்படாதோர் செய்யக்கூடாதவை என்று அம்பேத்கர் பட்டியலிடும்போது, ஓட்டுக் கூரை போட்ட வீடு கட்டுவதும் அங்கே குற்றமாக இருந்ததைக் குறிப்பிடுகிறார். நகை அணிவதைப் போல, செருப்பு அணிவதைப் போல, நல்ல வீடும் தடை. உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட ஆண்டு 1892. பஞ்சமி நில அரசாணை வந்ததும் அதே 1892-இல்தான். செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்தது அது. உழுகிற நிலம் மட்டுமல்ல, குடிசை நிற்கிற மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையில் மக்கள் இருந்ததை அந்த அறிக்கை பதிவு செய்தது. நகரத்தில் நீதியின் பெயரால் இவ்வளவு பெரிய செங்கல் மாளிகை எழுந்துகொண்டிருந்தபோது, சில மைல் தள்ளி உழைக்கும் மக்களுக்கு நான்கு மண்சுவர் எழுப்பிய தரைகூடத் தங்களுடையதில்லை.

நூறாண்டு கடந்தும் அந்தக் கோபம் தீரவில்லை. 1995-இல் கொடியன்குளத்தில் காவல்துறை நுழைந்தபோது, வெளிநாட்டு வருமானத்தில் கட்டிய நல்ல வீடுகளும் அவற்றுக்குள் இருந்த பொருள்களும் அடித்து நொறுக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் எரிக்கப்பட்டவை, பெங்களூரிலும் பிற ஊர்களிலும் கூலி வேலை செய்து மக்கள் சேர்த்துக் கட்டிய வீடுகள். கல்யாணத்தைக் காரணம் காட்டி வந்தார்கள், வீட்டைக் குறிவைத்துக் கொளுத்தினார்கள். தலித் கட்டிய நல்ல சுவரைச் சாதி எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே காலனியில் ஒருவர் வீட்டு முகப்பில் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டினால், கைப்பிடிச் சுவரில் அம்பேத்கர் உருவத்தைச் சிமெண்டில் வடித்தால், நீலமும் மஞ்சளும் பூசினால், அதை 'ரசனையில்லாத கலர்' என்று சிரிப்பவரோடு நாம் சேரக்கூடாது. ஜார்ஜ் டவுன் வணிகர் தன் வீட்டு நெற்றியில் சுதை மயில் வைத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தான் இங்கே இருக்கிறேன் என்று தெருவுக்குச் சொல்வதுதான் இரண்டும். வணிகர் அதைச் சொல்ல எவரிடமும் அடி வாங்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைய சூளை

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பூசாத செங்கல் சுவர் இப்போது உயர்தர ரசனை ஆகிவிட்டது. லாரி பேக்கர் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்ட, பூச்சு வேலையை மிச்சப்படுத்திச் செங்கல்லை அப்படியே விட்டார், செங்கல் ஜாலி வைத்தார். இன்று அதே தோற்றம் விலையுயர்ந்த காபிக் கடைகளின் அலங்காரமாகிவிட்டது. அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுப்பவர் செங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போகிற குடும்பங்களிடமிருந்து அது வருகிறது. விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து போகிற தலித் குடும்பங்கள், இருளர் குடும்பங்கள், ஒடிசாவின் பலாங்கிரிலிருந்து வருகிற தலித், பழங்குடிக் குடும்பங்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணவன், மனைவி, சில இடங்களில் பிள்ளைகளும் சேர்ந்து அறுத்தாலும் கணக்கு ஒரு பெயரில்தான் இருக்கும். திடீர் மழையில் பச்சைக்கல் கரைந்தால் அந்த உழைப்புக்குக் காசில்லை. கணக்கு முடியும் வரை ஊருக்குப் போக முடியாது, கணக்கை எழுதுபவர் முதலாளி. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னது. அதன் பிறகும் தமிழ்நாட்டுச் சூளைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்தி வருவது நிற்கவில்லை.

நாம் என்ன கேட்க வேண்டும்?

பழைய கட்டடங்களை இடிக்காதே என்ற கோரிக்கையோடு நமக்குச் சண்டை இல்லை. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது, வழக்குத் தொடர்ந்து 2010-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு பெற்று அதைக் காப்பாற்றினார்கள். நல்லது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் 2012-இல் வந்தது. ஒரு மாளிகையை இடிப்பதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்று சொல்லும் இந்த நகரம், கூவம் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் வீடுகளைப் புல்டோசர் வைத்துத் தள்ளி, அவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும்போது அதே யோசனையைக் காட்டுவதில்லை. காப்பாற்றத் தகுந்தது எது என்ற பட்டியலிலும் சாதி வேலை செய்கிறது.

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். சேப்பாக்கம் கலச மஹால் போன்ற கட்டடங்களை அரசு பொதுப்பணத்தில் புதுப்பிக்கிறது. சுண்ணாம்பு வேலையும் மெட்ராஸ் டெரஸும் அங்கே மறுபடி செய்யப்படுகின்றன. அப்படிப் புதுப்பிக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் அமைச்சர், பொறியாளர், ஒப்பந்தக்காரர் பெயர்களோடு வேலை செய்த கொத்தனார்கள், சித்தாள்கள் அனைவரின் பெயரும் கல்வெட்டில் வர வேண்டும். இந்த வேலைகளில் பெண்களுக்குக் கரண்டிப் பயிற்சியும், கொத்தனார் என்ற சான்றும், கொத்தனார் கூலியும் வேண்டும். அரசுக் கட்டடங்களுக்குச் செங்கல் வாங்கும்போது, கூலிக் கணக்கும் வருகைப் பதிவும் சரியாக உள்ள, கொத்தடிமை இல்லாத சூளை என்று உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். சூளை, சூளைமேடு போன்ற இடங்களில், இந்த நகரத்தைச் சுட்டு எழுப்பியவர்கள் பற்றிய அறிவிப்புப் பலகையாவது நிற்க வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் நாமே ஒரு நடையை ஏற்பாடு செய்யலாம். சூளையில் தொடங்கி ஜார்ஜ் டவுன் பின்சந்துகள் வழியாக உயர் நீதிமன்றம் வரை நடக்கலாம். வழிகாட்டியாகக் கட்டடக்கலை நிபுணரோடு ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவரையும், தளம் அடித்த அம்மா ஒருவரையும் அழைத்துக்கொள்ளலாம். எந்தக் கல் நன்றாக வெந்தது, எந்த வளைவு சரியாகக் கூடியது, எங்கே அவசரத்தில் கை தவறியது என்று அவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டட்டும். படம் எடுக்கிறவர்கள் அந்தக் கைகளையும் சேர்த்து எடுக்கட்டும். கீழே பெயரையும் எழுதட்டும்.